டிரம் பலகையில் செய்த கேட்

ஆம்பூருக்கு வெளியே நாங்கள் வீடு வாங்கியபோது, வீட்டைவிட எனக்குப் பிடித்துப்போனது அதன் முன்னால் இருந்த இடம்தான். என் கணவர் சின்னச் சரக்கு வண்டி ஓட்டுகிறார். ஊரில் எல்லோரும் குட்டியானை என்று சொல்கிற வண்டி. அதை உள்ளே கொண்டுவந்து, திருப்பி, மறுபடி தெருவைப் பார்க்க நிறுத்துகிற அளவுக்கு அங்கே இடம் இருந்தது. மதில் சுவரில் பன்னிரண்டு அடிக்கு ஒரு திறப்பு. அதில் இரண்டு கதவாக ஒரு மரக் கேட்.

அந்தக் கேட்தான் எங்களுக்கு வாய்த்த ஒரே வில்லங்கம். பழைய வீட்டுக்காரர் மலிவான மரத்தில் எப்போதோ செய்து மாட்டியது. இரண்டு கதவும் நடுவில் தொங்கிப்போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டன. திறக்கவேண்டுமென்றால் ஒரு ஆள் தோளைக் கொடுத்துத் தூக்க, இன்னொரு ஆள் தள்ளவேண்டும். விடியற்காலையில் அவர் லோடுக்குக் கிளம்பும்போது நான் மாவுக் கையோடு ஓடிவந்து தூக்குவேன். சிமெண்ட் தரையில் மரம் இழுபடுகிற சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் திறக்கும்.

எதிர்வீட்டில் இருப்பவரை நான் ஆபா என்று கூப்பிடுவேன். உருதில் அக்கா. ஷூவின் மேல்தோலைக் கையால் தைத்துக் கொடுக்கிற வேலையை வீட்டிலேயே எடுத்துச் செய்கிறவர். ஊசியும் மெழுகு நூலுமாக ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார்.

"இன்னாம்மா, உங்க கேட்டு இன்னிக்கி ஜாஸ்தி அழுவுது?" என்பார்.

"மாத்திடணும் ஆபா" என்பேன். இப்படி ஒரு வருஷம் போயிற்று.

எல்லோரும் இரும்புக் கேட் போடச் சொன்னார்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம். வெல்டிங் பட்டறைக்காரர் ஒருவர் வந்து அளவுகூட எடுத்துவிட்டுப் போனார். அதற்குள் ஒரு நாள் மத்தியானம் என் கணவர் வண்டி நிறையப் பலகையோடு சாப்பிட வந்து நின்றார்.

எனக்கு அன்று வாரவிடுமுறை. சோறு எடுத்துவைத்துவிட்டு வெளியே போய்ப் பார்த்தேன். கெட்டித் தேநீர் நிறத்தில், என் கட்டைவிரல் நீளத்துக்குக் கனமான பலகைகள். சிலவற்றில் வரிசையாக மர முளைகள் நீட்டிக்கொண்டிருந்தன. பக்கத்தில் போனாலே கடுக்காய் வாசனை.

"இன்னாங்க இது?"

"டேனரியில பழைய டிரம்மப் பிரிச்சிட்டாங்க. சூளைக்கு அடுப்பு எரிக்கப் போவுது."

தோல் பதனிடுகிற டிரம் ஒரு சின்ன வீட்டளவு இருக்கும். படுக்கவைத்த பீப்பாய் மாதிரி. உள்ளே தோலையும் பட்டைச் சாற்றையும் போட்டு நாள் கணக்கில் சுழற்றுவார்கள். வருஷக்கணக்காக ராத்திரி பகலாகத் தண்ணீரில் உருண்ட மரம் அது. நான் பெருவிரலை அழுத்திப் பார்த்தேன். நகம் இறங்கவில்லை. எனக்குத் தொழிலே தொட்டுப் பார்ப்பதுதான். ஷூ கம்பெனியில் பேட்டர்ன் பிரிவில் இருக்கிறேன். எந்த வடிவத்தில் தோலை வெட்டினால் அது காலில் ஷூவாக உட்காரும் என்று முதலில் அட்டையில் வெட்டிப் பார்க்கிற வேலை. கனத்தையும் கெட்டியையும் என் விரல் சொன்னால் நான் நம்புவேன்.

"இத எறக்குங்க" என்றேன்.

"எதுக்கு?"

"கேட்டுக்கு."

அவர் கையில் சோற்று உருண்டையோடு என்னைப் பார்த்தார். வெயில் தலைக்கு ஏறிவிட்டதோ என்று நினைத்திருப்பார். ஆனால் அவரிடம் எனக்குப் பிடித்த குணம் ஒன்று உண்டு. முதலில் சிரிப்பார், அப்புறம் செய்துவிடுவார். டேனரி மேனேஜருக்குப் போன் போட்டார். "உங்க வீட்டம்மா கேட்டாங்களா? எடுத்துக்கச் சொல்லுங்க, சூளைக்கு மிச்சத்தக் குடுங்க" என்று அவர் சொன்னது எனக்கே கேட்டது.

இறக்கிக்கொண்டிருக்கும்போதே ஆபா தெருவைக் கடந்து வந்துவிட்டார். முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு ஒரு பலகையைக் காலால் தட்டிப் பார்த்தார்.

"இது டிரம்மு பலகையாச்சே. என் தம்பி இதுலதானே கெடக்குறான், மேல்விஷாரத்துல. வரச் சொல்லவா?"

அவர் தம்பி அடுத்த ஞாயிறு பைக்கில் வந்தார். என் வயசுதான் இருக்கும். டேனரி டிரம்களைச் செய்வதும் பழுது பார்ப்பதும் அவர் தொழில். நாங்கள் பாய் என்று கூப்பிட்டோம். வந்ததும் வராததுமாக ஒரு பலகையை இழைப்புளியால் நாலு இழுப்பு இழுத்தார். மேலே நகக்கண் அளவுதான் கறுப்பு. அடியில் தேன் நிறம் பளிச்சென்று வந்தது. சுருளை எடுத்து முகர்ந்தார்.

"வேங்கை மரம் க்கா. இதப் போய் சூளையில போடப் பாத்தாங்களே."

"கேட்டு செய்யலாமா பாய்?"

"செய்யலாம். ஆனா ஒண்ணு. நான் இதுவரைக்கும் உருண்டையாத்தான் செஞ்சிருக்கேன். சதுரமா ஒண்ணும் செஞ்சதில்ல. எங்க வீட்டுக் கட்டிலே கடையில வாங்குனதுதான்."

மூன்று பேரும் சிரித்தோம். நாங்கள் கேட் செய்தவர்கள் இல்லை, அவரும் இல்லை. எங்களில் ஒருவருக்குமே தெரியாத வேலை என்பதால்தானோ என்னவோ, அன்றைக்கே ஒரு உற்சாகம் வந்து ஒட்டிக்கொண்டது.

ஈர மரத்தை உடனே அறுத்தால் முறுக்கிக்கொள்ளும் என்று பாய் சொன்னார். அதனால் வீட்டுப் பின்புறம் தகரக் கொட்டகையில், பலகைக்குப் பலகை நடுவில் குச்சி வைத்து அடுக்கினோம். வேலூர் வெயில் நேராகப் படக்கூடாது என்று கோணி போட்டு மூடினோம். தையில் அடுக்கியது சித்திரை வரை காய்ந்தது. தினமும் வேலை முடிந்து வந்ததும் நான் கோணியைத் தூக்கி ஒரு தரம் தொட்டுப் பார்ப்பேன். "புள்ளைக்குக் காய்ச்சலா?" என்று என் கணவர் உள்ளிருந்து கேட்பார்.

அந்த மூன்று மாதத்தில் தூண் வேலையை முடித்தோம். வேங்கையின் கனத்துக்குச் செங்கல் தூண் தாங்காது என்று மூவரும் ஒத்துக்கொண்டோம். எங்கள் பக்கத்தில் கருங்கல்லுக்கா பஞ்சம்? ஆளுயரத்துக்கு மேல் இரண்டு கல் தூண் கொண்டுவந்து, இடுப்பளவு பள்ளம் தோண்டி, ஜல்லியும் சிமெண்டும் கொட்டி நட்டோம். என் கணவர் தூண் செங்குத்தாக இருக்கிறதா என்று நூல்குண்டு பிடித்துப் பார்த்துவிட்டு, காலால் ஓர் உதை விட்டார். அதற்கப்புறம் இரண்டு நாள் நொண்டினார். தூண் அசையவில்லை.

வாதம் வந்தது குறுக்குச் சட்டத்தில்தான்.

கேட்டின் ஒவ்வொரு கதவும் ஆறடி அகலம். கல் தூண் பக்கம் கீலில் மாட்டியிருக்கும். நடுப்பக்கம் அந்தரத்தில் நிற்கும். அந்தரத்தில் நிற்கிற பக்கம்தான் நாளாக நாளாகக் கீழே தொங்கும். அது தொங்காமல் இருக்கக் கோணலாக ஒரு குறுக்குச் சட்டம் வேண்டும். அதை எந்தப் பக்கமாகச் சாய்த்து வைப்பது? தூணின் மேல் மூலையிலிருந்து நடுவின் கீழ் மூலைக்கா, தூணின் கீழ் மூலையிலிருந்து நடுவின் மேல் மூலைக்கா? என் கணவர் போனில் இரண்டு வீடியோ பார்த்தார். ஒருவர் ஒரு பக்கம் சாய்த்தார், மற்றவர் மறுபக்கம் சாய்த்தார். இரண்டு பேருமே இதுதான் சரி என்று அடித்துச் சொன்னார்கள்.

"நான் பாத்துச் சொல்றேன்" என்றேன்.

கம்பெனியில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நாலு அட்டைப் பட்டையை வெட்டி, ஷூ கயிறு கோர்க்கிற ஓட்டைக்கு அடிக்கும் பித்தளை வளையத்தை நாலு மூலையிலும் வைத்துச் செவ்வகமாக இணைத்தேன். ஒரு பக்கத்தை மேஜையில் பிடித்துக்கொண்டால் மறுபக்கம் சரிந்து விழுந்தது. எங்கள் பழைய கேட் அப்படியே என் கையில் இருந்தது. பிறகு ஐந்தாவது பட்டையைக் கோணலாக வைத்தேன். கீழிருந்து மேலே வைத்தபோது பட்டை வில்லாக வளைந்தது, கேட் விழுந்தது. மேலிருந்து கீழே வைத்தபோது விறைப்பாக இழுத்துப் பிடித்து நின்றது. சுற்றி நின்ற பெண்கள் கைதட்டினார்கள். மேலிருந்து கீழேதான் சரி என்று முடிவு கட்டிவிட்டேன்.

பாய்க்குக் கொஞ்சம் தயக்கம் இருந்தது. ஆனால் அட்டைக் கேட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பேட்டர்ன் போடுற ஆளு சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

அடுத்த நாலு ஞாயிறும் எங்கள் வாசல் மரப்பட்டறையாக இருந்தது. பாய் அறுக்க, என் கணவர் பிடிக்க, நான் அளவு குறிக்க. அரை மில்லிமீட்டர் தவறினால் ஷூ காலைக் கடிக்கும் என்று பழகிய கை எனக்கு. பாயோ பென்சில் கோட்டைப் பார்த்தால் சிரிப்பார்.

"க்கா, டிரம்முல தண்ணி ஊத்துனா மரம் ஊதிக்கும், சந்து தானா அடைச்சிக்கும். இவ்ளோ துல்லியம் எங்களுக்குத் தேவையே இல்ல."

"கேட்டுல யார் பாய் தண்ணி ஊத்தப்போறாங்க?"

"மழ இருக்குதே."

ஆபா தன் தையலைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் படியில் உட்கார்ந்து வேலை செய்வார். மகளுக்கு நிக்காஹ் பேசி முடித்திருந்தார்கள். ஆனியில் கல்யாணம். பேச்சு கேட்டில் தொடங்கிக் கல்யாணத்துக்குப் போய், பிரியாணியில் முடியும். விருந்துச் சமையலுக்கு அவர்கள் வீட்டில் இடமில்லை. "எங்க வாசல்ல வெச்சிக்குங்க ஆபா, கேட்டு தொறந்தா லாரியே வரும்" என்று நான்தான் வாயைக் கொடுத்தேன்.

வைகாசி நடுவில் கேட்டை மாட்டினோம். ஒரு கதவைத் தூக்க ஐந்து பேர் தேவைப்பட்டார்கள். தெருவில் போனவர்களைக் கூப்பிட்டோம். நீளமான பட்டைக் கீல், கதவுக்கு மூன்று. எண்ணெய் தேய்த்ததும் மரத்தில் ரேகை ரேகையாக எழும்பி வந்தது. உள்பக்கம் கைப்பிடிக்கு வேறெதுவும் வாங்கவில்லை. டிரம்முக்குள்ளே தோலைப் புரட்டிப்போட்ட மர முளையைக் கதவுக்கு ஒன்றாக விட்டுவைத்தோம். உள்ளங்கைக்கு வழவழவென்று இருந்தது. ஒரே விரலால் தள்ளினேன். ஆறடிக் கதவு சத்தமில்லாமல் போய் மறுபக்கம் நின்றது. நான் திரும்பத் திரும்பத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். "சோறு பொங்கப் போறியா, இல்ல இன்னிக்கி முழுக்க இதேதானா?" என்று அவர் கேட்டார். அவரும் எனக்குப் பின்னால் நாலு தரம் திறந்து மூடியதை நான் பார்த்தேன்.

மூன்றாவது வாரம் தாழ்ப்பாள் விழவில்லை.

முதலில் தூசி என்று நினைத்தேன். துடைத்தேன். அப்படியும் விழவில்லை. கண்ணை ஓட்டிப் பார்த்தால் இடது கதவின் நடுப்பக்கம் ஒரு விரல் அளவு இறங்கியிருந்தது. குறுக்குச் சட்டத்தின் மேல் முனையில் போல்ட் போட்ட ஓட்டை நீள்வட்டமாக வாயைப் பிளந்திருந்தது. வலது கதவும் அதே வழியில் கிளம்பியிருந்தது.

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. பித்தளை வளையத்தின் மேல் கோபம், கைதட்டிய பெண்களின் மேல் கோபம். என் கணவர் ஒன்றுமே சொல்லாமல் ஒரு சின்னக் கல்லைக் கதவுக்கு அடியில் முட்டுக்கொடுத்துவிட்டு வேலைக்குப் போனார். அவர் ஏதாவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆபா வந்து பார்த்தார். என் முகத்தையும் பார்த்தார். "அழகாத்தாம்மா இருக்குது. கொஞ்சம் தலையக் குனிஞ்சிருக்குது. புதுப்பொண்ணு மாதிரி" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் கல்யாணத்துக்கு மூன்றே வாரம் இருந்தது.

காரணம் அந்த வாரமே கிடைத்தது. வீட்டுப் பின்னால் எங்களுக்கு மூன்று வாழை உண்டு. அதில் ஒன்று குலையின் கனத்தில் சாய்ந்துகொண்டிருந்தது. சாயங்காலம் என் கணவர் ஒரு சவுக்குக் கம்பை எடுத்துவந்து, அடியைத் தரையில் ஊன்றி, மேல் நுனியைக் குலைக்குக் கீழே கொடுத்து நிறுத்தினார். நான் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். கை அப்படியே நின்றுவிட்டது.

"கம்பு ஏன் கீழேர்ந்து வெச்சீங்க?"

"பின்ன மேலேர்ந்தா வெப்பாங்க? மேல கட்டணும்னா கயிறு வேணும். கம்பு முட்டுக்குத்தான்."

கம்பு முட்டுக்கு, கயிறு இழுப்புக்கு. நான் துணியைக் கீழே போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். கம்பெனியில் ஷூவுக்கு உள்ளடியாக வைக்கிற கெட்டி அட்டைத் துண்டு ஒன்று பையில் கிடந்தது. பழைய அட்டைக் கேட்டை எடுத்து, மெல்லிய பட்டையைக் கழற்றிவிட்டு அதை வைத்துப் பார்த்தேன். கீழிருந்து மேலே வைத்தபோது வளையவே இல்லை. கல் மாதிரி முட்டி நின்றது. அதையே மேலிருந்து கீழே வைத்து மறுமுனையை அழுத்தினேன். கொஞ்ச நேரம் தாங்கியது. பிறகு வளையம் அடித்த ஓட்டை கிழிந்தது. கேட்டில் நடந்தது அதுவேதான்.

மெல்லிய அட்டை இழுக்கும், முட்டாது. நான் மெல்லிய அட்டையை வைத்துச் சோதித்துவிட்டு, இரண்டு அங்குல வேங்கைக்கு அதே வேலையைக் கொடுத்திருக்கிறேன். மரத்தைப் போய் இழுத்துப் பிடி என்றால் அது என்ன செய்யும்? போல்ட் ஓட்டையில்தானே பாரம் முழுக்க ஏறும்?

பாய்க்குப் போன் செய்தேன். தப்பு என்னுடையது என்று முதலில் சொல்லிவிட்டு, பிறகு விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு.

"க்கா, தப்பு ரெண்டு பேருதும். டிரம்முல மரம் ஒண்ண ஒண்ணு நெருக்கி நிக்குற வேலைய மட்டுந்தான் பாக்கும். இழுத்துப் புடிக்கிற வேலையெல்லாம் வெளிய இருக்குற இரும்பு வளையம் பாத்துக்கும். பொழுதன்னிக்கும் அத முடுக்குறவன் நான். எனக்குத் தோணல பாருங்க!"

"அப்போ திருப்பி வெச்சிடலாமா?"

"திருப்பி வெப்போம். அதோட, அந்த டிரம்மு வளையக் கம்பி ரெண்டு என்கிட்ட இருக்குது, கொண்டுவர்றேன். மறுகோணத்துல அதப் போடுவோம். மரம் முட்டட்டும், கம்பி இழுக்கட்டும்."

ஞாயிறு காலை ஏழு மணிக்கே வந்துவிட்டார். மறுபடி தெருவில் ஆள் பிடித்து இரண்டு கதவையும் கழற்றி இறக்கினோம். வாசல் பன்னிரண்டு அடிக்குத் திறந்து கிடந்தது. தெரு ஆடுகளுக்குச் செய்தி எப்படித்தான் போகுமோ, வரிசையாக வந்துவிட்டன. என் கணவர் திறப்பின் நடுவில் நாற்காலி போட்டு, பேப்பரும் கையுமாக உட்கார்ந்தார். தலை நிமிராமலே "ஹே" என்பார், ஆடு திரும்பும். போகிற வருகிறவர்கள் எல்லாம், "இன்னா அண்ணே, இன்னிக்கி நீங்கதான் கேட்டா?" என்று கேட்டார்கள். "ஆமா, நான் தொங்கமாட்டேன்" என்றார். பாய் ரம்பத்தைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்.

இந்த முறை குறுக்குச் சட்டத்தைத் தூணின் கீழ் மூலையிலிருந்து நடுவின் மேல் மூலைக்கு வைத்தோம். வெறுமனே போல்ட் போடவில்லை. மூலைகளில் பல் எடுத்து, சட்டத்தின் முனை சட்டகத்துக்குள்ளே அமுங்கி உட்காரும்படி செய்தோம். பாரம் மரத்திலிருந்து மரத்துக்கே போகவேண்டும், போல்ட்டுக்குப் போகக்கூடாது. நான் கோடு போட்டேன். பாய் இந்தத் தரம் பென்சில் கோட்டைப் பார்த்துச் சிரிக்கவில்லை. கோட்டின் மேலேயே உளி வைத்தார். சட்டத்தை வைத்துச் சுத்தியால் தட்டியபோது முதலில் 'டொக்' என்றது, பிறகு 'டக்', கடைசியில் ஒரே கட்டை மாதிரி ஒரு சத்தம். மூன்று பேருக்கும் அது புரிந்தது. பிறகு மறுகோணத்தில் வளையக் கம்பியைக் கொடுத்து, முனையில் நட்டைப் போட்டு முடுக்கினோம். முடுக்க முடுக்கக் கதவின் நடுப்பக்கம் கண்ணுக்கு முன்னாலேயே மயிரிழை மயிரிழையாக மேலே எழுந்தது.

"போதும் பாய், போதும், பறந்துடப்போவுது" என்றேன்.

ஆனி மாதத்தில் நிக்காஹ் நல்லபடி முடிந்தது. விருந்துச் சமையல் முழுக்க எங்கள் வாசலில்தான். காலையிலேயே இரண்டு கதவையும் விரியத் திறந்துவைத்துவிட்டோம். என் கணவர் தன் வண்டியிலேயே பிரியாணி தேக்சாக்களை ஏற்றிவந்தார். ஒவ்வொன்றும் ஒரு ஆள் உள்ளே உட்காரக்கூடிய செம்புப் பாத்திரம். விறகு அடுக்கி, சீரகச் சம்பா ஊறவைத்து, சமையல்காரர்கள் கத்தரிக்காய் தாளிச்சாவுக்குப் புளி கரைக்க ஆரம்பித்தபோது தெரு முழுக்க வாசனை. நான் அன்று கம்பெனிக்கு லீவு போட்டிருந்தேன். வெங்காயம் உரிக்கிற கூட்டத்தில் உட்கார்ந்து கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் பார்த்தேன். கல்யாணத்துக்கு வந்த குழந்தைகள் இடது கதவில் ஏறிவிட்டார்கள். ஜரிகைச் சட்டையும் பளபள பாவாடையுமாக ஆறு பேர் கீழ்ச் சட்டத்தில் நின்றுகொண்டு, இன்னொருத்தி தள்ள, கதவு வீசிக்கொண்டு போய் வந்தது.

"ஏய், எறங்குங்க!" என்று வெங்காயத்தைப் போட்டுவிட்டு எழுந்தேன்.

என் கணவர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். அவர் கதவின் நடுப்பக்கம் தரையில் குந்தி உட்கார்ந்திருந்தார். தரைக்கும் கதவுக்கும் நடுவில் நாலு விரலைச் செருகியிருந்தார். கதவு நின்றதும் மறுபடி செருகிப் பார்த்தார். அதே நாலு விரல். என்னைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். கல்யாண மாப்பிள்ளைகூட அன்று அவ்வளவு பெருமையாக இருந்திருக்கமாட்டார்.

பாய் அப்போது எதிர்வீட்டிலிருந்து வந்தார். புது ஷெர்வானி, அத்தர் வாசனை, தலையில் தொப்பி. குழந்தைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நேராகப் போய்க் கீழ்ச் சட்டத்தில் ஒரு காலை வைத்து, மேல் சட்டத்தைப் பிடித்து, குழந்தைகளுக்கு நடுவில் ஏறி நின்றுகொண்டார். "ம், தள்ளு" என்றார். தள்ளுகிற குழந்தைக்கு வலு போதவில்லை. என் கணவர் எழுந்து ஒரு தள்ளுத் தள்ளினார். ஆறு குழந்தையும் ஒரு ஷெர்வானியும் கால்வட்டம் போய், சத்தமில்லாமல் நின்றன.

ஆபா ஜன்னலில் இருந்து பார்த்துவிட்டார். "எறங்குடா! பொண்ணுக்கு மாமூ நீ! சம்பந்தி வீட்டுக்காரங்க பாக்குறாங்க!"

"ஒரு சுத்து, ஆபா!" என்று அவர் அங்கிருந்தே கத்தினார். சம்பந்தி வீட்டுப் பெரியவர் ஒருவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்து, கதவைச் சுற்றிப் பார்த்தார். குறுக்குச் சட்டத்தைத் தட்டினார். கம்பியைத் தொட்டுப் பார்த்தார்.

"இது யார் செஞ்சது?"

பாய் கதவில் நின்றபடியே என்னைக் கைகாட்டினார். நான் வெங்காயக் கண்ணோடு அவரைக் கைகாட்டினேன். என் கணவர் இரண்டு பேரையும் கைகாட்டிவிட்டு, கடைசியில் தன்னையும் காட்டிக்கொண்டார்.

அந்தப் பெரியவர் ஆற்காட்டுக்காரர். அங்கே அவர் வீட்டுக்கு இதேபோல ஒரு கேட் வேண்டும் என்று அன்றைக்கே கேட்டுவிட்டார். நாங்கள் விளையாட்டுப் பேச்சு என்று நினைத்தோம். இரண்டு மாதத்தில் பாய் போன் செய்தார். "க்கா, மேல்விஷாரத்துல இன்னொரு டிரம்மு பிரிக்கிறாங்க. அளவு வந்திருச்சி. கோடு போட வர்றீங்களா?"

ஐப்பசி மழையில் எங்கள் கதவு இரண்டும் நன்றாக ஊதி நடுவில் ஒன்றோடொன்று உரசின. பாய் வந்து ஓரத்தை இழைத்துவிட்டு, கம்பியில் ஒரு அரைச் சுற்று முடுக்கினார். மற்றபடி ஒன்றும் செய்யவேண்டியிருக்கவில்லை. காலையில் என் கணவர் தானே கேட்டைத் திறந்து, வண்டியை எடுத்து, தானே சாத்திவிட்டுப் போகிறார். அந்த நேரத்தில் நான் இரண்டு தோசை கூடுதலாக ஊற்றிவிடுகிறேன்.

போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆற்காட்டில் அந்தக் கேட்டை மாட்டினோம். எங்களுடையதைவிடப் பெரிது, பதினான்கு அடி. கோணம் எந்தப் பக்கம் என்று இந்தத் தரம் ஒருவரும் கேட்கவில்லை. மாட்டி முடித்ததும் வீட்டுக்காரம்மா ஒரு தட்டு நிறைய மக்கன் பேடா கொண்டுவந்து வைத்தார். பாகில் ஊறி, உள்ளே பருப்பும் திராட்சையுமாக, விண்டால் வாயில் கரைகிற பேடா. என் கணவர் மூன்றாவதற்குக் கை நீட்டியபோது நான் முறைத்தேன். பாய் தன் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். வெளியே அந்தத் தெருக் குழந்தைகள் நாலைந்து பேர் புதுக் கேட்டைச் சுற்றி நின்றுகொண்டு, யார் முதலில் ஏறுவது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.